முதல் டப்பாவின் இனிப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தானும் நலம், முட்டி வலியைத் தவிர. அந்த முட்டியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு தாள் வேண்டும், அதனால் விடுகிறேன். நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? சின்னவனுக்குக் காது வலி விட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கலவை அறைத் தலைவர் ஜூன் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். புகை வாடை தூக்கலான பைப் புகையிலை எதுவும் எங்கள் கம்பெனியில் இல்லை. கலவைக்காரர்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று செய்து கொடுக்க வேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்து புகைத்துப் பார்ப்பார்களாம். யாருடையது தேறுகிறதோ அவருக்கு நாற்காலி. மேனேஜர் வாயாலேயே சொல்லிவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கண்ணாடிக்காரர். கண்ணாடி மூக்கு நுனியில் இருக்கும், பார்வை அதற்கு மேலே இருக்கும்.

பத்தொன்பது வருடமாக அந்த அறையில் இலை கலக்குகிறேன். மற்ற இரண்டு பேரும் எனக்குப் பின்னால் வந்தவர்கள். அதில் சுருட்டை முடிக்காரன் ஒருவனுக்கு இலையைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இந்த நாற்காலி எனக்கு வேண்டும் தம்பி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

ஒரே சிக்கல் என் நெஞ்சு. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமா என்று உனக்குத் தெரியும். இலையை முகர்ந்து கலக்குவதோடு சரி, புகைத்துப் பார்க்க என்னால் ஆகாது. ஒவ்வொரு கலவையோடும் வெளியாள் ஒருவர் புகைத்துப் பார்த்து எழுதிய அட்டை இருக்க வேண்டும் என்பது விதி. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இருபத்திரண்டு வருடம் புகையிலைக் கடையில் நின்றவன் நீ. வாடிக்கைக்காரர்கள் 'நாக்கு வாத்தியார்' என்று கூப்பிடும் ஆள். என் மூக்குக்கு நீதான் வாய்.

இத்துடன் முதல் டப்பா. பத்துப் பங்கில் மூன்று பங்கு கறுப்பு இலை, அதாவது விறகுப் புகையில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு எடுத்தது. ஐந்து பங்கு மஞ்சள் இலை. இரண்டு பங்கு சின்ன இலை, அது மணத்துக்கு. அக்கா என்று முகதாட்சண்யம் பார்க்காதே. நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே எழுது.

குளிர் காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். சின்னவன் காது ஆறிவிட்டது, இப்போது பெரியவனுக்கு ஆரம்பித்திருக்கிறது. அத்தானின் முட்டிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

டப்பா வந்தது. முறைப்படிதான் எல்லாம் செய்தேன். திறந்து ஒரு நாள் காற்றாட விட்டேன். மூன்று நாள், தினமும் காலையில், வாயில் காபி கூடப் படாமல் புகைத்துப் பார்த்தேன். முதல் நாள் பைப்பின் கிண்ணத்தில் கால் பங்கு, அடுத்த நாள் அரை, மூன்றாம் நாள் அடிச் சாம்பல் வரை. இப்போது என் தீர்ப்பு.

டப்பா வாசனை: அணைந்த விறகு, பழைய தோல் பை. நன்று. பற்றவைத்த முதல் சில நிமிடம்: புகை வாடை முன்னால் வருகிறது, ஆனால் தள்ளிக்கொண்டு வரவில்லை. நன்று. நாக்குக் கடி, அதாவது எரிச்சல்: துளியும் இல்லை. அறையில் நிற்கும் வாடை: என் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள், ஆனால் திட்டவில்லை. இந்த வீட்டில் அது பெரிய பாராட்டு.

இனி குறை. பாதிக் கிண்ணம் தாண்டியதும் புகைக்கு அடியில் ஓர் இனிப்பு தலை காட்டுகிறது. பழ மிட்டாய் மாதிரி, கொஞ்சம் முகப்பவுடர் மாதிரி. புகைக் கலவையில் இது இருக்கவே கூடாது. உன் மஞ்சள் இலையில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். கறுப்பு இலையைக் கூட்டி அதை அமுக்கு. உனக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்கிறேன்: மற்றவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். என் நாக்குக்குத் தப்பாது, அவ்வளவுதான்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

அன்புத் தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். எனக்கு இரண்டு நாள் மூச்சு சரியில்லை, இப்போது பரவாயில்லை. பெரியவன் காதில் எண்ணெய் ஊற்றாதே, டாக்டரிடம் காட்டு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. என் மஞ்சள் இலையில் கோளாறா? மூட்டை மூட்டையாக நானே பார்த்து எடுத்தது. அப்புறம் மீதியிருந்த கலவையை வெதுவெதுப்பான தட்டில் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். ஆமாம், நீ சொன்ன இனிப்பு இருக்கிறது. லேசாக, அடியில். எப்படி இது என் மூக்குக்குத் தப்பியது என்று எனக்கே ஆச்சரியம். நீ இல்லாவிட்டால் அவ்வளவு பேர் முன்னால் மானம் போயிருக்கும்.

இரண்டாவது டப்பாவில் கறுப்பு இலை நான்கு பங்கு. மஞ்சளில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டேன். பார்த்து எழுது.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா

மார்ச் 17

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். டாக்டர் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். உன் மூச்சு எப்படி இருக்கிறது? கலவை அறையில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய் என்று எத்தனை தடவை சொல்வது.

உனக்கும் அந்த இனிப்பு தெரிந்தது கேட்டு சந்தோஷம். ஒரு கணம் எனக்கே சந்தேகம் இருந்தது, உன் கடிதம் அதைத் தீர்த்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், உன் மூக்கும் என் நாக்கும் வேறு வேறு சொல்லுமா?

இரண்டாவது டப்பா முன்னேற்றம். ஆனால் இனிப்பு இன்னும் இருக்கிறது. ஒளிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தாராளமாகக் கறுப்பைக் கூட்டு, பயப்படாதே.

நேற்று ஒரு வாடிக்கைக்காரர், இதையெல்லாம் எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். ரகசியம் பைப்பில் இருக்கிறது என்றேன். மர பைப்புக்கு ஞாபகம் அதிகம் அக்கா. வாசனை போட்ட புகையிலையை ஒரு வாரம் அதில் குடித்தால் மாதக்கணக்கில் அந்த வாசனை போகாது. அதனால்தான் புகைக் கலவைக்கென்றே எட்டு வருடமாக ஒரு பைப் தனியாக வைத்திருக்கிறேன். வேறு யாரும் தொட முடியாது. ஜனவரியில் மச்சினன் வந்திருந்தபோது அவன் பைப் உடைந்துபோய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்காரியின் தம்பியாயிற்றே, அந்த ஒரு வாரம் மட்டும் கொடுத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். அத்தான் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறார், பந்து விளையாடப் போகிறவர் மாதிரி இருக்கிறார்.

மூன்றாவது டப்பா இத்துடன். மூச்சைப் பிடித்துக்கொண்டு திற. கறுப்பு இலை ஐந்தரைப் பங்கு. கலக்கும்போது எடை போடுகிறவர் கதவருகே நின்று, "யார் வீட்டுலம்மா தீப்பிடிச்சுது, தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார். சுருட்டை சிரித்தான். சிரிக்கட்டும். முகர்ந்து பார்த்துவிட்டேன், எனக்கு அந்த இனிப்பு இப்போது இல்லவே இல்லை. உனக்கும் இல்லை என்றால் இதுதான் என் கலவை.

ஏப்ரல் 21 கடைசி நாள். அட்டையையும் சேர்த்து அனுப்பு. உன் பேச்சை வேதம் மாதிரி எடுத்துக்கொண்டு செய்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

வெயில் தொடங்கிவிட்டது, பிள்ளைகளை மத்தியானத்தில் வெளியே விடாதே.

உன் அக்கா

ஏப்ரல் 8

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

அனைவரும் நலம், அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

தேறிவிட்டது. இனிப்பு போயே போய்விட்டது. அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். 'குறை ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தோடு அப்படி ஓர் அட்டை போவது இதுதான் முதல் தடவை. கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என் அக்கா கலவை அறைத் தலைவி ஆகப் போகிறாள், அதற்கு அடித்தளம் நான் போட்டது என்று.

நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு எழுது.

அன்புத் தம்பி

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

அட்டை கிடைத்திருக்கும். கொடுப்பதற்கு முன் முதல் டப்பாவையும் ஒரு தரம் யோசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. மூன்றாவது நன்றாகத்தான் இருக்கிறது. முதலாவதும் மோசமில்லை. ஐந்து பேர் ஐந்து விதமாக இருப்பார்கள். உன் மூக்கு என்ன சொல்கிறதோ அப்படிச் செய். வேறு ஒன்றும் இல்லை. மச்சினன் வந்திருக்கிறான், வீடு சந்தடியாக இருக்கிறது.

மூச்சு எப்படி?

தம்பி

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் கடிதம்தான் சௌக்கியமாக இல்லை. முதல் டப்பாவை யோசி என்றால் என்ன அர்த்தம்? பழ மிட்டாய் என்று சொன்னவன் யார், நானா? கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்த பிறகு மாப்பிள்ளையை மாற்றலாமா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. எனக்காகப் பயப்படுகிறாய், அதுதான் விஷயம். சின்ன வயதில் நான் பரீட்சைக்குப் போனால் உனக்குச் சோறு இறங்காது, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

மூன்றாவது டப்பாவைத்தான் கொடுக்கிறேன். உன் அட்டை மேலேயே இருக்கும். வேறு ஏதாவது இருந்தால் இருபதாம் தேதிக்குள் ஒரு தந்தி அடி. இல்லாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

மச்சினனைக் கேட்டதாகச் சொல். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

உன் அக்கா

மே 16

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

முடிவு வந்து பத்து நாள் ஆகிறது. உனக்கு எழுதப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். இன்று எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து பேரும் நீள மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு புது மண் பைப். எங்கள் மூவரையும் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். என் கலவை இரண்டாவதாக வந்தது. முதல் ஆள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு பைப்பைக் கீழே வைத்தார். அடுத்தவர் இருமத் தொடங்கினார், தண்ணீர் கேட்டார். ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். கண்ணாடிக்காரர் மட்டும் பொறுமையாக ஐந்து நிமிடம் புகைத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது பைப்புக்கா, கொசுவுக்காம்மா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அட்டையப் படிங்க சார், இருபத்திரண்டு வருஷ நாக்கு அது, உங்களுக்குப் பழக்கமில்ல" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் சொன்னேன் தம்பி. அவர்கள் அட்டையைச் சத்தமாகப் படித்தார்கள். 'குறை ஒன்றும் இல்லை' என்ற இடம் வந்ததும் மறுபடி சிரிப்பு. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. தரையில் எத்தனை ஓடு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே நின்றேன். நாற்காலி சுருட்டைக்குப் போயிற்று. வந்து, "நீங்க இல்லாம இந்த ரூம் ஓடாது அக்கா" என்று சொன்னான். அந்த இடத்தில் அவன் திட்டியிருந்தால் கூடத் தேவலை.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உன் நாக்குக்கு அது பிடித்தது, அவர்கள் நாக்குக்குப் பிடிக்கவில்லை. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

அந்த இனிப்பு எனக்கு ஒரு நாளும் தெரியவில்லை தம்பி. தட்டில் பரப்பி முகர்ந்தேன் என்று எழுதினேனே, அது உண்மை. அரை மணி நேரம் முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருட மூக்கு போய்விட்டது என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் ஆமாம், இருக்கிறது என்று எழுதினேன். மூன்றாவது டப்பாவில் போய்விட்டது என்று எழுதியதும் பொய். வராத வாசனை எங்கே போவது? கண்ணை மூடிக்கொண்டு, நீ சொன்ன திசையில் நடந்தேன்.

மூக்கு இல்லாதவளுக்குக் கலவை அறையில் என்ன வேலை? லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றச் சொல்லி மனு எழுதிவிட்டேன். மாதக் கடைசியில் கொடுத்துவிடுவேன். அங்கே உட்கார்ந்தே வேலை, நெஞ்சுக்கும் நல்லது. அத்தானிடம் மூச்சுக்காக என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

சாப்பாட்டு நேரம் தவறாமல் சாப்பிடு. பிள்ளைகள் காது எப்படி இருக்கிறது?

உன் அக்கா

மே 20

அக்கா,

நலம் விசாரிக்கக் கூட எனக்கு முகம் இல்லை. மனுவைக் கொடுக்காதே. இதைப் படித்து முடிக்கும் வரையாவது கொடுக்காதே.

உன் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இனிப்பு உன் டப்பாவில் இல்லை. என் பைப்பில் இருந்தது.

ஏப்ரல் 12ஆம் தேதி மச்சினன் வந்தான். வந்தவன் புது பைப்பில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நிரப்பினான். செர்ரிப் பழ வாசனை போட்ட புகையிலை. பற்றவைத்ததும் வீடு முழுக்க உன் முதல் டப்பாவின் இனிப்பு. "இத எப்பலேருந்து குடிக்கிற?" என்று கேட்டேன். "ஜனவரியிலயும் இதத்தான குடிச்சேன் மச்சான், உங்க பைப்புல" என்றான். தனி பைப், யாரும் தொட முடியாது என்று உனக்குப் பாடம் எடுத்தேனே, அந்த பைப்பில்தான்.

அன்றே கடைக்குப் போய் ஒரு புது மண் பைப் எடுத்தேன். பின்கட்டில் உட்கார்ந்து மூன்று டப்பாவையும் புகைத்துப் பார்த்தேன். மூன்றாவது என் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. முதல் டப்பாவில் இனிப்பு இல்லை. அடிச் சாம்பல் வரை இல்லை. புகை, அதற்குப் பின்னால் மஞ்சள் இலையின் ருசி, கடைசியில் சின்ன இலையின் மணம், ஒன்றை ஒன்று இடிக்காமல் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என் கடைக்கு வந்த எந்தப் புகைக் கலவையும் அதற்குப் பக்கத்தில் வராது. இது முகதாட்சண்யம் இல்லை அக்கா.

நீ கொடுக்க வேண்டிய நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. தந்தி ஆபீஸ் கடைக்கு எதிரே. இரண்டு தடவை அதன் வாசல் வரை போனேன். என்னவென்று அடிப்பது? 'நான் முட்டாள்' என்றா? நாக்கு வாத்தியார் தன் பைப்பையே சோதிக்கவில்லை என்று தந்திக்காரருக்குத் தெரிந்தால் கூட எனக்கு அவமானமாக இருந்தது. கடையில் வேறு பெருமை அடித்துவிட்டேன். அதனால்தான் எதையும் சொல்லாமல் மூடி மறைத்து அந்த அவசரக் கடிதம் எழுதினேன். நீயாக முதல் டப்பாவுக்குத் திரும்பிவிட்டால் நான் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ தந்தி கேட்டு எழுதிய கடிதம் பத்தொன்பதாம் தேதியே கையில் வந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். இருபத்தொன்று கடந்ததும் என்ன தோன்றியது தெரியுமா, அப்பாடா, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று. இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீயும் இனிப்பு தெரிகிறது என்று எழுதியதும்தான் எனக்கு முழுத் தைரியம் வந்தது. எனக்குத் தெரியவில்லை தம்பி என்று ஒரு வரி வந்திருந்தால் வேறு பைப்பை எடுத்திருப்பேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை உன் மேனேஜரிடம் காட்டு. அவரை ஒரு மண் பைப்பில் முதல் டப்பாவைப் புகைத்துப் பார்க்கச் சொல். கீழே கையெழுத்தும் கடை முகவரியும் போட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு அதுதான் தண்டனை.

லேபிள் ஒட்டப் போகாதே அக்கா. மூச்சைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டிலுள்ளவர்களும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே உடம்புக்குக் குறைவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அதைக் கசக்கி மூலையில் எறிந்தேன். அத்தானோடு சண்டை போட்டேன், பாவம், அவருக்கு எதற்கு என்றே தெரியாது. சாயங்காலம் எடுத்து நீவி மறுபடி படித்தேன். அழுதேன். கோபத்தில் பாதி, மூக்கு திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் பாதி. மனுவைக் கிழித்துவிட்டேன். நீ ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்ன மாதிரியே கண்ணாடிக்காரரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். "உங்களுக்குத் தெரியலன்னா எதுக்கும்மா மாத்துனீங்க?" என்று கேட்டார். "பெரிய ஆள் சொன்னதுன்னு நம்பிட்டேன் சார்" என்றேன். மறுநாளே முதல் டப்பாவை ஐந்து பேரும் புகைத்தார்கள். யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. ஒருவர் கிண்ணம் காலியான பிறகும் இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் என் கலவைதான் கடைக்கு வருகிறது. நாற்காலி சுருட்டையிடமே இருக்கிறது, கொடுத்ததைப் பிடுங்க முடியாதாம். என் மேஜையில் நான் இருக்கிறேன். எடை போடுகிறவர், "தீய அணைச்சிட்டீங்க போல" என்கிறார்.

இதோடு கடிதத்தை முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். முடிக்க முடியவில்லை.

கண்ணாடிக்காரர் உன் கடிதத்தைச் சோதனை மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார். மேலே சிவப்பு மையில், 'முதலில் பைப்பைச் சோதிக்கவும்' என்று எழுதியிருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் படித்துச் சிரிக்கிறார்கள். விற்பனைக்காரர் படித்துவிட்டு ஊர் ஊராகக் கடைகளில் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவர்தான் வந்து சொன்னார், உன் முதலாளி உன்னைக் கடை முன்பக்கம் புகையிலை சோதித்துச் சொல்லும் இடத்திலிருந்து எடுத்துவிட்டு, பின்னால் மூட்டை இறக்கும் இடத்தில் போட்டிருக்கிறார் என்று. வாடிக்கைக்காரர்கள் இப்போது உன்னைச் 'செர்ரி வாத்தியார்' என்கிறார்களாம். நீ எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று எழுதியவன் நீ, அதனால் எழுத மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

சுவரில் இருக்கும் கடிதத்தில் ஒரு பத்தி இல்லை தம்பி. கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். 'ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்' என்று ஆரம்பிக்கிறதே, அந்தப் பத்தி. கண்ணாடிக்காரர் ஓட்டையைப் பார்த்து, "இங்க ஏன் வெட்டியிருக்கு?" என்று கேட்டார். "குடும்ப விஷயம் சார்" என்றேன். அவரும் மரியாதையாக விட்டுவிட்டார். வராத வாசனையை வந்தது என்று எழுதியவள் என்று தெரிந்தால் என்னைக் கலவை அறையில் வைத்திருப்பார்களா? அந்தப் பயத்தில் வெட்டினேன். நீ முழுதாக எழுதிக் கொடுத்தாய், நான் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். உன் ஒன்பது நாளை நான் மன்னிக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன் பார், என்ன கொழுப்பு எனக்கு.

மூன்று தடவை அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். ஓட்டை வழியாகச் சுண்ணாம்பு தெரிகிறது. கண்ணாடிக்காரர் அறைக் கதவைத் தட்டக் கை போனது. தட்டாமல் திரும்பி வந்து இலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வெட்டிய துண்டு இந்த உறைக்குள் இருக்கிறது. கிழித்துப் போடவும் முடியவில்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியவில்லை. கூடவே இன்னோர் உறை வைத்திருக்கிறேன். அதில் கண்ணாடிக்காரர் பெயரும் கம்பெனி முகவரியும் என் கையால் எழுதித் தபால்தலையும் ஒட்டியிருக்கிறேன். துண்டை அதில் போட்டுத் தபால் பெட்டியில் போடுவதா, அடுப்பில் போடுவதா என்பது உன் இஷ்டம். இதையும் உன் தலையில்தான் கட்டுகிறேன், தெரிகிறது. எனக்கு அவ்வளவு தைரியம்தான் இருக்கிறது.

மூட்டை தூக்கும்போது முதுகைப் பார்த்துத் தூக்கு.

உன் அக்கா